சில சென்டிமீட்டரில் நூறு கோடி வோல்ட்: லேசர்-பிளாஸ்மா முடுக்கி பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

முதலில், இது என்ன சங்கதி? சுருக்கமாகச் சொல்லுங்கள்.

மிகக் குறுகிய, மிகச் சக்திவாய்ந்த லேசர் துடிப்பு ஒன்றை ஹைட்ரஜன் அல்லது ஹீலியம் வாயுவுக்குள் செலுத்துகிறார்கள். வாயுவின் அணுக்களிலிருந்து எலக்ட்ரான்கள் பிய்ந்து, அந்த இடம் பிளாஸ்மா ஆகிவிடுகிறது. அதன் ஊடே பாயும் லேசர் தனக்குப் பின்னால் ஒரு மின் அலையை எழுப்பிக்கொண்டே போகும். அந்த அலையில் சரியான இடத்தில் மாட்டிக்கொள்ளும் எலக்ட்ரான்கள், வழக்கமான முடுக்கியில் ஐம்பது, நூறு மீட்டர் ஓடிச் சேர்க்கவேண்டிய ஆற்றலைச் சில சென்டிமீட்டருக்குள் சேர்த்துவிடும்.

எலக்ட்ரான் வோல்ட் என்று சொல்கிறார்களே, அது எவ்வளவு?

ஒரு எலக்ட்ரான் 1 வோல்ட் வித்தியாசத்தைக் கடக்கும்போது பெறும் ஆற்றல். சுவர்க் கடிகாரத்தில் போடும் சாதாரண பேட்டரி ஒரு எலக்ட்ரானுக்கு 1.5 எலக்ட்ரான் வோல்ட் தரும். மெகா எலக்ட்ரான் வோல்ட் என்றால் பத்து லட்சம் எலக்ட்ரான் வோல்ட், கிகா என்றால் நூறு கோடி. புற்றுநோய் மருத்துவமனைகளில் கதிர்வீச்சு சிகிச்சைக்கு வைத்திருக்கும் லினாக் இயந்திரமும் ஒரு எலக்ட்ரான் முடுக்கிதான். அது சுமார் 6 முதல் 20 மெகா எலக்ட்ரான் வோல்ட் வரை போகும். இந்தப் பக்கத்தில் பேசப்போவது பெரும்பாலும் கிகா கணக்கு.

ஏற்கெனவே இருக்கிற முடுக்கிகளுக்கு என்ன குறை?

நீளம். வழக்கமான முடுக்கியில் செம்பு அல்லது நியோபியம் அறைகளுக்குள் ரேடியோ அலையை நிரப்பி, அதன் மின்புலத்தால் எலக்ட்ரானைத் தள்ளுகிறார்கள். மின்புலத்தைக் கூட்டிக்கொண்டே போனால் ஒரு கட்டத்தில் உலோகச் சுவரே தாங்காது. மேற்பரப்பிலிருந்து எலக்ட்ரான்கள் பிடுங்கப்பட்டு, பொறி பறந்து, உலோகத்தில் குழி விழும். நடைமுறையில் மீட்டருக்கு 10 கோடி வோல்ட்டைத் தாண்டுவது கஷ்டம். பெரும்பாலான இயந்திரங்கள் அதைவிடக் கீழேயேதான் ஓடுகின்றன. அதனால் ஆற்றல் கூட வேண்டுமென்றால் நீளத்தைக் கூட்டுவதைத் தவிர வேறு வழியில்லை. கலிபோர்னியாவின் ஸ்லாக் ஆய்வகம் 50 கிகா எலக்ட்ரான் வோல்ட்டுக்கு 3 கிலோமீட்டர் நேர்கோட்டு முடுக்கியைக் கட்டியது அப்படித்தான்.

வட்டமாகச் சுற்றவிட்டால் என்ன என்று கேட்கலாம். எலக்ட்ரானைத் திருப்பினால் அது எக்ஸ்-கதிரைக் கக்கி ஆற்றலை இழக்கும். ஜெனீவா அருகே செர்ன் ஆய்வகத்தின் 27 கிலோமீட்டர் சுரங்கத்தில் 2000 வரை ஓடிய லெப் முடுக்கி, தன் கடைசிக் காலத்தில் எலக்ட்ரானின் ஆற்றலில் ஏறக்குறைய 3 சதவீதத்தை ஒவ்வொரு சுற்றிலும் இப்படிப் பறிகொடுத்தது. சுற்றுக்குச் சுற்று அதை ஈடுகட்ட வேண்டியிருந்தது.

பிளாஸ்மா மட்டும் எப்படித் தாங்குகிறது?

அதில் உடைவதற்கு எதுவும் பாக்கி இல்லை. அணுக்கள் ஏற்கெனவே சிதைந்து, எலக்ட்ரான் தனி, அயனி தனி என்று கிடக்கின்றன. எனவே பொறி பறக்குமே என்ற கவலை கிடையாது. எவ்வளவு மின்புலம் கிடைக்கும் என்பதை அடர்த்தி முடிவு செய்கிறது. ஒரு கன சென்டிமீட்டரில் 1-க்குப் பின் 18 பூஜ்யங்கள் போட்டால் வரும் அளவு எலக்ட்ரான்கள் இருந்தால், மீட்டருக்குச் சுமார் 10,000 கோடி வோல்ட் வரை போகலாம். உலோக அறையைவிட ஆயிரம் மடங்கு. எண்ணைப் பார்த்து ஏதோ கெட்டியான பொருள் என்று நினைக்கவேண்டாம். நாம் சுவாசிக்கும் காற்றின் அடர்த்தியில் இது இருபத்தைந்தில் ஒரு பங்குதான்.

லேசரின் மின்புலமே பயங்கரமானதாயிற்றே. நேராக எலக்ட்ரானைத் தள்ளிவிடக் கூடாதா, நடுவில் பிளாஸ்மா எதற்கு?

நல்ல கேள்வி. ஒளியின் மின்புலம் அது போகும் திசையில் இல்லை, குறுக்கே இருக்கிறது. அதுவும் ஒரு திசையில் நிற்காது. இந்தச் சோதனைகளில் அதிகம் பயன்படும் 800 நானோமீட்டர் லேசரில் 1.3 ஃபெம்டோ நொடிக்கு ஒருமுறை திசை மாறும் (ஃபெம்டோ நொடி என்பது ஒரு நொடியில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு, அதிலும் நூறு கோடியில் ஒரு பங்கு). எலக்ட்ரான் இந்தப் பக்கம் ஒரு தள்ளு, அந்தப் பக்கம் ஒரு தள்ளு வாங்கி, கடைசியில் கையில் ஒன்றும் நிற்காது.

ஆனால் துடிப்பு மொத்தமாக வரும்போது வேறொன்று நடக்கிறது. ஒளி எங்கே அடர்த்தியாக இருக்கிறதோ அங்கிருந்து எலக்ட்ரான்கள் எல்லாப் பக்கமும் ஒதுக்கித் தள்ளப்படுகின்றன. அயனிகள் அசைவதில்லை. மிக லேசான ஹைட்ரஜன் அயனியே எலக்ட்ரானைவிட 1836 மடங்கு கனம், அந்தக் கண நேரத்தில் அதற்கு நகர அவகாசம் இல்லை. இதனால் லேசருக்குப் பின்னால் எலக்ட்ரானே இல்லாத, நேர்மின்சாரம் மட்டும் நிறைந்த ஒரு குமிழி உருவாகிறது. ஒதுங்கிய எலக்ட்ரான்கள் அந்த நேர்மின்சாரத்தால் இழுக்கப்பட்டுக் குமிழியின் பின்பக்கம் வந்து குவிகின்றன. முன்னால் நேர்மின்சாரம், பின்னால் எதிர்மின்சாரம். இடையே உள்ள மின்புலம் லேசர் போகும் திசையிலேயே இருக்கும், லேசர் கூடவே ஓடும். குறுக்கே இருந்த புலத்தை நெடுக்காக மாற்றிக்கொடுப்பதுதான் பிளாஸ்மாவின் வேலை.

படகுக்குப் பின்னால் எழும் அலையில் சறுக்குவது போல என்று எல்லோரும் சொல்கிறார்களே, சரியா?

பாதி சரி. படகு போன பிறகு தண்ணீர் அங்கேயே ஏறி இறங்குகிறது, ஆனால் அலையின் வடிவம் படகின் வேகத்திலேயே பின்தொடர்கிறது. பிளாஸ்மாவிலும் அப்படியே. அலையின் சரிவில் இருப்பவர் தள்ளப்படுகிறார் என்பதும் பொருந்தும். லேசருக்குப் பின்னால் எழும் இந்த அலை வெறும் 30 மைக்ரோமீட்டர் நீளம், அதாவது தலைமுடியின் தடிமனில் பாதிகூட வராது என்பதையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

பொருந்தாத இடம் வேகம். கடலில் சறுக்குபவர் அலையின் வேகத்திலேயே போவார். இங்கே எலக்ட்ரான் ஆரம்பத்திலேயே ஒளியின் வேகத்தை நெருங்கிவிடும். அதற்குப் பிறகு வேகம் கூடுவதில்லை, ஆற்றல் மட்டும்தான் கூடும். அலையோ சற்று மெதுவானது, ஏனென்றால் பிளாஸ்மாவுக்குள் லேசர் துடிப்பு ஒளிவேகத்தைவிட ஒரு மயிரிழை குறைவாகப் போகிறது. அந்த மயிரிழை பின்னால் பெரிய தலைவலியாகும், கீழே வருகிறேன்.

முடுக்கப்படும் எலக்ட்ரான்கள் எங்கிருந்து வருகின்றன?

பெரும்பாலும் அதே பிளாஸ்மாவிலிருந்துதான். அலை மிக வலுவாக இருந்தால் குமிழியின் பின்புறம் குவியும் எலக்ட்ரான்களில் சில தாமாகவே உள்ளே விழுந்துவிடும். எளிது, ஆனால் எப்போது, எத்தனை விழும் என்பது நம் கையில் இல்லை. அதனால் பல உத்திகள் வந்தன. ஹீலியத்தில் கொஞ்சம் நைட்ரஜன் கலப்பது ஒன்று. நைட்ரஜனின் உள் எலக்ட்ரான்கள் எளிதில் பிய்யாது, லேசரின் உச்சியில் மட்டுமே பிய்ந்து சரியாகக் குமிழிக்குள்ளேயே பிறக்கும். வாயுவின் அடர்த்தியை ஓரிடத்தில் சட்டென்று குறைத்து அங்கே எலக்ட்ரான்களை வழுக்கி விழ வைப்பது இன்னொன்று. எதிர்த்திசையிலிருந்து இரண்டாவது லேசரை மோதவிடுவது மற்றொன்று. என் பார்வையில் இந்தத் துறையின் உண்மையான கைத்திறன் இங்கேதான் இருக்கிறது.

இந்த யோசனை யாருடையது? எப்போது வந்தது?

லாஸ் ஏஞ்சல்ஸில் உள்ள கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் டோஷிகி தஜிமா, ஜான் டாசன் இருவரும் 1979-ல் ஒரு சிறு கட்டுரையாக எழுதினார்கள். ஒரு சென்டிமீட்டரில் ஒரு கிகா எலக்ட்ரான் வோல்ட் சாத்தியம் என்பது அதன் சாரம். அவர்கள் கேட்ட மாதிரி லேசர் அன்று எங்கும் இல்லை. குறுகிய துடிப்பை அதிகமாகப் பெருக்கினால் பெருக்கும் கண்ணாடியே கருகிவிடும்.

வழி 1985-ல் பிறந்தது. அமெரிக்காவின் ராசெஸ்டர் பல்கலைக்கழகத்தில் ஜெரார்ட் மூருவும் அவருடைய மாணவி டோனா ஸ்டிரிக்லண்டும், துடிப்பை முதலில் நேரத்தில் நீட்டி, நீட்டிய நிலையில் பெருக்கி, கடைசியில் மறுபடி சுருக்கினார்கள். கருகும் பிரச்சினை போனது. 2018-ல் இயற்பியலுக்கான நோபல் பரிசில் பாதி இவர்கள் இருவருக்கும் கிடைத்தது இதற்காகத்தான்.

2004 பெரிய ஆண்டு என்கிறார்களே, அப்படி என்ன நடந்தது?

அதைப் புரிந்துகொள்ள, எலக்ட்ரான்களை எப்படி அளக்கிறார்கள் என்று பார்க்கவேண்டும். வெளியே வரும் கற்றையை ஒரு காந்தத்தின் நடுவே அனுப்புவார்கள். ஆற்றல் குறைந்த எலக்ட்ரான் அதிகம் வளையும், ஆற்றல் மிகுந்தது கொஞ்சமாக வளையும். எதிரே எக்ஸ்-ரே எடுக்கும் இடங்களில் பயன்படும் வகை ஒளிரும் திரை ஒன்று இருக்கும். எலக்ட்ரான் பட்ட இடம் பச்சையாக மின்னும், கேமரா படம் பிடிக்கும்.

தொண்ணூறுகள் முழுக்க அந்தத் திரையில் தெரிந்தது நீளமான ஒரு பச்சைத் தீற்றல். கொஞ்ச ஆற்றல், நடுத்தர ஆற்றல், பெரிய ஆற்றல் எல்லாம் கலந்து வந்தன. பெரும்பாலான உபயோகங்களுக்கு அப்படிப்பட்ட கற்றை உதவாது. 2004-ல் பிரிட்டன், பிரான்ஸ், அமெரிக்கா என மூன்று நாட்டுக் குழுக்கள் தனித்தனியே வேலை செய்து, திரையில் ஒரே இடத்தில் பளிச்சென்று ஒரு புள்ளியைப் பார்த்தன. எலக்ட்ரான்கள் ஏறக்குறைய ஒரே ஆற்றலில், சுமார் 70 முதல் 170 மெகா எலக்ட்ரான் வோல்ட்டில் வந்திருந்தன. மூன்று கட்டுரைகளும் நேச்சர் இதழின் ஒரே வெளியீட்டில் வந்தன, அட்டையில் ‘கனவுக் கற்றை’ என்று பொருள்படும் தலைப்பு. குமிழி இப்படிச் செய்யும் என்று 2002-லேயே ஜெர்மனியில் புக்கோவும் மேயர்-டெர்-வெனும் கணினியில் காட்டியிருந்தார்கள். ஆனாலும் திரையில் பார்ப்பது வேறு அல்லவா?

அப்புறம் எவ்வளவு தூரம் வந்திருக்கிறார்கள்?

கலிபோர்னியாவின் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்தின் கணக்கை மட்டும் பார்த்தாலே போதும். 2006-ல் 3.3 சென்டிமீட்டரில் 1 கிகா எலக்ட்ரான் வோல்ட். 2014-ல் 9 சென்டிமீட்டரில் 4.2. 2019-ல் 20 சென்டிமீட்டரில் 7.8. 2024-ல் 30 சென்டிமீட்டரில் 9.2. டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் நடந்த ஒரு சோதனையில் அலுமினிய நானோ துகள்களை வாயுவில் தூவி, 10 சென்டிமீட்டரில் 10 கிகா எலக்ட்ரான் வோல்ட்டை எட்டினார்கள்.

பெர்க்லியின் முதல் மூன்று சாதனைகளும் நீலக்கல்லில் குடைந்த மெல்லிய துளைக்குள் நடந்தவை. துளையில் ஹைட்ரஜனை நிரப்பி, இரு முனைகளுக்கும் இடையே மின்சாரத்தைப் பாய்ச்சுவார்கள். நடுப்பகுதி சுவர் ஓரத்தைவிட அதிகம் சூடாகும், அதனால் அங்கே அடர்த்தி குறையும். அந்த அடர்த்தி வித்தியாசம் லேசரை விலகவிடாமல் நடுவிலேயே பிடித்து வைக்கும். 2024-ல் துளையே வேண்டாம் என்று விட்டுவிட்டார்கள். வாயுத் தாரைக்குள் முதலில் ஒரு லேசர் போய்ப் பாதை போடுகிறது, இரண்டாவது லேசர் அந்தப் பாதையில் போய் அலையை எழுப்புகிறது. சுவர் இல்லையென்றால் லேசர் பட்டுச் சேதமாக ஒன்றும் இல்லை.

நீளத்தைக் கூட்டிக்கொண்டே போனால் ஆற்றலும் கூடிக்கொண்டே போகாதா?

போகாது. மூன்று முட்டுக்கட்டைகள். லேசர் குவிந்த இடத்தைத் தாண்டியதும் விரியத் தொடங்கும். இதற்கு மேலே சொன்ன பாதை தீர்வு. இரண்டாவது, அலையை எழுப்பி எழுப்பி லேசரின் ஆற்றல் தீர்ந்துபோகும். மூன்றாவதுதான் முன்பு சொன்ன மயிரிழை. எலக்ட்ரான் அலையைவிடக் கொஞ்சம் வேகம் என்பதால், மெல்ல மெல்ல முன்னேறிக் குமிழியின் நடுவைத் தாண்டிவிடும். அங்கே மின்புலம் எதிர்த்திசையில் இருக்கும். அதற்கு மேல் ஓடினால் சேர்த்த ஆற்றலை இழக்கத் தொடங்கும்.

அடர்த்தியைக் குறைத்தால் லேசரின் வேகம் கூடும், எலக்ட்ரான் நழுவுவதற்கு நேரமாகும், மொத்தத்தில் அதிக ஆற்றல் கிடைக்கும். ஆனால் மின்புலம் பலவீனமாகும், பாதை நீளும், லேசர் பெரிதாக வேண்டும். அதனால்தான் சாதனை ஏற ஏற சென்டிமீட்டரும் ஏறிக்கொண்டே வருகிறது.

இன்னொரு வழி, ஒரு கட்டத்தில் முடுக்கி, புது லேசருடன் அடுத்த கட்டத்துக்குக் கைமாற்றுவது. 2016-ல் பெர்க்லி குழு இரண்டு கட்டங்களை இணைத்துக் காட்டியது. இரண்டாவது லேசரை எலக்ட்ரானின் வழியில் திருப்பிவிட ஒரு கண்ணாடி வேண்டும், ஆனால் அந்தத் தீவிரத்தில் எந்தக் கண்ணாடியும் பிழைக்காது. அதற்குப் பயன்படுத்தியது சுருளாக ஓடும் மெல்லிய நாடா, பழைய வீடியோ கேசட் நாடா வகையைச் சேர்ந்தது. ஒவ்வொரு துடிப்பும் நாடாவின் ஒரு இடத்தைப் பிளாஸ்மா ஆக்கி, அதில் பட்டுத் திரும்பும். எலக்ட்ரான்கள் அந்த மெல்லிய நாடாவைத் துளைத்துக்கொண்டு போய்விடும். அடுத்த துடிப்புக்கு நாடா நகர்ந்து புது இடம் வந்திருக்கும். இந்தத் துறையில் எனக்கு மிகவும் பிடித்த காரியம் இதுதான்.

இதற்குப் பெட்டாவாட் திறனுள்ள லேசர் வேண்டும் என்கிறார்களே, ஊர் முழுக்க கரண்ட் போய்விடாதா?

போகாது. ஒரு பெட்டாவாட் என்பது உலகமே சராசரியாக உபயோகிக்கும் மின்திறனைப்போல நூற்றுக்கணக்கான மடங்குதான். ஆனால் எவ்வளவு நேரத்துக்கு? 30, 40 ஃபெம்டோ நொடிக்கு. ஒரு ஃபெம்டோ நொடியில் ஒளியே 0.3 மைக்ரோமீட்டர்தான் போகும். ஒரு துடிப்பில் உள்ள மொத்த ஆற்றல் 40 ஜூல், அதாவது 10 வாட் எல்.இ.டி. பல்பு 4 நொடி எரியும் செலவு.

உண்மையான பில் வேறிடத்தில் வருகிறது. இந்த வகை லேசர்கள் சுவரிலிருந்து எடுக்கும் மின்சாரத்தில் நூறில் ஒரு பங்கைக்கூட ஒளியாகத் தருவதில்லை. மீதியெல்லாம் வெப்பம். பெர்க்லியின் பெட்டாவாட் லேசர் நொடிக்கு ஒரு துடிப்புதான் விடுகிறது. துகள் மோதல் இயந்திரம் கட்ட நொடிக்கு ஆயிரக்கணக்கில் வேண்டும்.

அப்படியானால் ‘மேசை மேல் செர்ன்’ என்று செய்திகளில் வருவது?

நம்பவேண்டாம். முடுக்கும் பகுதி உள்ளங்கையில் அடங்கும் என்பது உண்மை. அதை ஓட்டும் பெட்டாவாட் லேசருக்கு ஒரு கூடம், துடிப்பைச் சுருக்கும் தகடுகளுக்கு வெற்றிட அறை, கதிர்வீச்சைத் தடுக்க கெட்டியான கான்கிரீட் சுவர் எல்லாம் வேண்டும். படத்தில் அவை வருவதில்லை. செர்னின் பெரிய முடுக்கி புரோட்டானை மோதவிடுகிறது, அதன் ஆற்றல் டெரா கணக்கு, அதாவது ஆயிரம் கிகா. கட்டத்துக்கு 10 கிகா என்று வைத்தாலும் ஒரு டெராவுக்கு நூறு கட்டங்களைக் கோக்கவேண்டும். எலக்ட்ரானோடு மோத, அதைப் போலவே இருந்து நேர்மின்னூட்டம் கொண்ட பாசிட்ரானும் வேண்டும். எலக்ட்ரானை அணைத்து நடுவில் வைக்கும் அதே குமிழி, பாசிட்ரானை வெளியே சிதறடிக்கும். இதற்கு இன்னும் முழுத் தீர்வு இல்லை.

லேசர் இல்லாமல் அலை எழுப்ப முடியாதா?

முடியும். ஒரு துகள் கற்றையையே ஓட்டியாக வைக்கலாம். ஸ்லாக்கில் 42 கிகா எலக்ட்ரான் வோல்ட் கற்றையை 85 சென்டிமீட்டர் பிளாஸ்மாவுக்குள் அனுப்பி, கற்றையின் வாலில் இருந்த சில எலக்ட்ரான்களின் ஆற்றலை இரட்டிப்பாக்கினார்கள். 2007-ல் வெளியான முடிவு அது. செர்னின் அவேக் சோதனை 2018-ல் புரோட்டான் கற்றையை வைத்து, 10 மீட்டர் ரூபிடியம் பிளாஸ்மாவில் எலக்ட்ரான்களை 2 கிகா வரை கொண்டுபோனது. ஒரே சிக்கல், ஓட்டிக் கற்றைக்கே பெரிய முடுக்கி வேண்டும்.

இதனால் யாருக்கு என்ன பயன்? மோதல் இயந்திரத்தை விட்டுவிடுங்கள்.

முதலில் வரப்போவது எக்ஸ்-கதிர். குமிழிக்குள் எலக்ட்ரான்கள் நேராக ஓடாமல் நெளிந்து நெளிந்து ஓடும், அப்போது எக்ஸ்-கதிரை வெளியிடும். அது புறப்படும் இடம் ஓரிரு மைக்ரோமீட்டர்தான் என்பதால் படம் மிகத் துல்லியமாக வரும். பிரிட்டனில் இப்படி எலும்பின் உள் பின்னலைப் படமெடுத்திருக்கிறார்கள். அடுத்து, கட்டிலா எலக்ட்ரான் லேசர் எனப்படும் பெரிய எக்ஸ்-கதிர் இயந்திரங்களைச் சிறிதாக்குவது. ஹாம்பர்க் அருகே இருக்கும் ஐரோப்பிய இயந்திரம் 3.4 கிலோமீட்டர் நீளம். 2021-ல் ஷாங்காய்க் குழு, லேசர்-பிளாஸ்மா எலக்ட்ரானை வைத்து 27 நானோமீட்டரில் இந்த வகை ஒளியைப் பெருக்கிக் காட்டியது. எக்ஸ்-கதிருக்கு இன்னும் தூரம் இருக்கிறது, ஆனால் இப்படி ஒளியைப் பெருக்கும் அளவுக்குக் கற்றையின் தரம் வந்துவிட்டது என்று நிரூபித்துவிட்டார்கள்.

புற்றுநோய் சிகிச்சை பற்றியும் கேட்பார்கள். இன்றைய லினாக்கின் எலக்ட்ரான்கள் உடலுக்குள் சில சென்டிமீட்டர்தான் போகும், ஆழத்தில் உள்ள கட்டிக்கு எக்ஸ்-கதிர்தான் கொடுக்கிறார்கள். 100 முதல் 250 மெகா எலக்ட்ரான் வோல்ட் என்றால் எலக்ட்ரானே ஆழத்துக்குப் போகும். ஆய்வகத்தில் இருக்கிறது, நோயாளியிடம் இன்னும் வரவில்லை.

இந்தியாவில் செய்கிறார்களா?

செய்கிறார்கள். இந்தூரில் உள்ள ராஜா ராமண்ணா மேம்பட்ட தொழில்நுட்ப மையத்தில் 150 டெராவாட் (0.15 பெட்டாவாட்) லேசரை வைத்து எலக்ட்ரான் முடுக்கச் சோதனைகள் நடக்கின்றன. லாஸ் ஏஞ்சல்ஸில் இந்தத் துறையின் சோதனைப் பக்கத்தைக் கட்டி எழுப்பிய சந்திரசேகர் ஜோஷி இந்தியாவில் பிறந்தவர்.

புதிதாக ஒரு சாதனைச் செய்தி வந்தால் எதைப் பார்ப்பது?

கிகா எலக்ட்ரான் வோல்ட்டை ஒருமுறை பார்த்துவிட்டு அடுத்த வரிக்குப் போங்கள். எத்தனை பிகோகூலும் மின்னூட்டம், அதாவது கற்றையில் எவ்வளவு எலக்ட்ரான்கள்? ஆற்றலில் எத்தனை சதவீதம் சிதறல்? நொடிக்கு எத்தனை துடிப்பு? முக்கியமாக, பத்தில் எத்தனை துடிப்பு ஒரே மாதிரி வந்தது? பல கட்டுரைகளில் முதல் பக்கத்தில் இருக்கும் படம், அன்றைய மிகச் சிறந்த ஒரே துடிப்பின் படமாக இருக்கும்.

இந்தக் கணக்கில் நான் பெரிதாக மதிப்பது ஹாம்பர்க்கின் டெசி ஆய்வகம் 2020-ல் வெளியிட்ட முடிவை. ஆற்றலில் சாதனை ஒன்றும் இல்லை. ஒரு நாளுக்கும் மேலாக இயந்திரத்தை நிறுத்தாமல் ஓட்டி, 1,00,000 எலக்ட்ரான் கற்றைகளைத் தொடர்ச்சியாக எடுத்தார்கள். அவ்வளவு தரவு கையில் இருந்ததால், கற்றை ஆடுவதற்கு லேசரின் எந்த அம்சம் எவ்வளவு காரணம் என்று பிரித்துப் பார்க்க முடிந்தது. லேசரைத் திருத்தினால் கற்றை திருந்தும் என்று தெரிந்த பிறகு, எதைத் திருத்துவது என்ற பட்டியலும் அவர்களிடம் இருந்தது.